கொரொல்லா 2சி டீசல்: ஒயில் கசிவு எங்கிருந்து? அனுபவமுள்ள அண்ணாமார் சொல்லுங்கோ

கார்: ரொயோட்டா கொரொல்லா சிஇ100, 2சி டீசல் எஞ்சின், 15டபிள்யூ-40 ஒயில். 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குறையுது, நீலப்புகை இல்லை, அதால ஒயில் உள்ளுக்க எரியுது எண்டு தெரியேல்ல. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில சொட்டுது. கந்தக மணம் இல்லாததால அது கியர் ஒயில் இல்லை.

கராஜில உடனே "பின் சீல் (கிராங்க் தண்டின் பின்பக்க ஒயில் சீல்) போயிட்டு, கியர்பொக்ஸ் இறக்கணும்" எண்டாங்க. ஒயில் மேலே கசிந்து கீழே வழியிறதுதான் வழக்கம், அதால அவசரப்படேல்ல. எஞ்சினை மண்ணெண்ணெயால கழுவி, காயவிட்டு, டல்கம் பவுடர் தூவி, கல்லடியில இருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஓடிப் பார்த்தாச்சு. டப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) காய்ஞ்சு கிடக்கு. டைமிங் பெல்ட் கவருக்குள்ளயும் ஈரமில்லை. (அங்க ஒயில் பட்டால் பெல்ட் ஊறி அறும், வால்வு பிஸ்டனில இடிக்கும்.) ஒல்டனேற்றருக்குப் (பற்றறி சார்ஜ் பண்ணுறது) பின்னால இருக்கிற வக்கியூம் பம்பின் (பிரேக் மிதியை லேசாக்கிறது) ஒயில் ஹோஸ் பக்கம் மட்டும் பவுடர் கறுத்திருக்கு. பிரேக் மிதி இன்னும் இறுகேல்ல, அதால பம்ப் வேலை செய்யுது போல. ஐட்லிங்கில ஒயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவிதான். எஞ்சின் ஆவியை வெளியேத்திற பிரீதர் ஹோஸும் அடைபடேல்ல. அதால உள் அமுக்கம் சீலைத் தள்ளுது எண்டு சொல்ல ஏலாது.

கேள்வி இதுதான்: ஹோஸும் கிளிப்பும் மாத்தினால் போதுமா, பம்பின் சீலும் சேர்த்து மாத்தோணுமா? சீல் போனால் ஒயில் ஒல்டனேற்றருக்குள்ள இறங்கி காபன் பிரஷைக் கெடுக்கும், அதுதான் பயம். ஒயில் தாங்கும் ஹோஸ் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் எந்த பாட்ஸ் கடையில கிடைக்கும்? தண்ணி ஹோஸ் போட்டுச் சமாளிக்கச் சொல்லாதேங்கோ, அது ஒயிலில ஊதிப் பிய்ஞ்சிடும்.