டார்ட்மூர் கற்சிலுவைகள்: நேரில் பார்த்தவை

இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கற்சிலுவைகள் உள்ளன. சிற்ப அழகை எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு அவை ஏமாற்றமே தரும். கருங்கல்லில் நுணுக்கமாகச் செதுக்குவது கடினம் என்பதால், பலவற்றின் கைகள் குட்டையாகவும் தடித்தும் இருக்கின்றன. மரமற்ற அந்த வெளியில் வழியையும் நில எல்லையையும் காட்டுவதே அவற்றுள் பலவற்றின் வேலையாக இருந்தது. அந்த வேலை கல்லிலேயே பதிந்திருப்பதுதான் என்னை ஈர்த்தது.

வாரன் ஹவுஸ் விடுதிக்கு அருகே, சாலையோரத்தில் சற்றே சாய்ந்து நிற்கும் பென்னட் சிலுவையை வண்டியை நிறுத்தியே பார்த்துவிடலாம். அதில் 'டபிள்யூ பி' என்ற எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் முயல் வளர்ப்பு நிலத்தின் எல்லையைக் குறிப்பதற்காகப் பொறிக்கப்பட்டவை அவை. இறைச்சிக்கான முயல்களுக்குச் சிலுவை எல்லைக்கல்லானதை நினைத்தபோது சிரிப்பு வந்தது.

நன்ஸ் சிலுவைக்கு, பிரின்ஸ்டவுனிலிருந்து தெற்கே செல்லும் கற்பாதையில் நடந்தே போக வேண்டும். ஏழடிக்கும் சற்றுக் கூடுதலான உயரம் கொண்ட அந்தக் கல், டார்ட்மூர் அரச வேட்டைக்காட்டின் எல்லையைச் சுற்றிவந்து எழுதப்பட்ட 1240ஆம் ஆண்டு ஆவணத்திலேயே சிவார்டின் சிலுவை என்று குறிக்கப்பட்டுள்ளது. 1278இல் நிறுவப்பட்ட பக்லண்ட் மடத்தின் நில எல்லையாகவும் அது பயன்பட்டதாகக் கருதப்படுகிறது. 'பாக் லாண்ட்' என்ற எழுத்துகள் அதன்மேல் உள்ளன. நேரெதிர் வெளிச்சத்தில் எனக்கு அவை தெரியவே இல்லை. பக்கவாட்டில் வெயில் விழுந்த பிறகுதான், பாசிப் படலத்துக்கு நடுவே வளைவுகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. 19ஆம் நூற்றாண்டில் இரண்டாக உடைந்த கல்லை இரும்புப் பட்டைகளால் இணைத்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஒட்டு கண்ணை உறுத்தினாலும், எழுத்துகள் அதே இடத்தில் நிற்பதற்கு அதுவே காரணம் என்பதால் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

மற்றவை எல்லாம் இப்படித் தப்பவில்லை. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் பல சிலுவைகள் உடைக்கப்பட்டன. சிலவற்றை உழவர்கள் வேலிக் கதவுத் தூண்களாக நட்டுக்கொண்டனர். ஆகவே தண்டின் பக்கவாட்டில் கீல் பொருத்திய துளை தெரிந்தால், அந்தக் கல் இடையில் எங்கோ கதவு தாங்கியிருக்க வாய்ப்புண்டு.

நன்ஸ் சிலுவைக்குக் கிழக்கே ஃபாக்ஸ் டார் சதுப்பு நிலம் தொடங்குவதால், மூடுபனி இறங்கும் நாளில் வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.