நீள இங்கிலீஷ் வார்த்தைய பாத்து லெட்டர மூடி வைக்காதீங்க

யூகே புதுசா வந்திருக்கவங்களுக்கு சொல்றேன், இங்க முக்கால்வாசி விஷயம் லெட்டர்லதான் வரும். நாங்க வந்த புதுசுல என் வீட்டுக்காரம்மாவுக்கு ஆஸ்பத்திரில இருந்து ஒண்ணு வந்துச்சு, "கேஸ்ட்ரோஎன்டராலஜி"ன்னு கொட்டை எழுத்துல, ஏதோ பெரிய வியாதின்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருமே தூங்கல. பிரிச்சுப் பாத்தா கேஸ்ட்ரோ வயிறு, என்டரோ குடல், லஜி அதப் பத்தின படிப்பு. வயித்து டாக்டர பாக்க வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, அவ்ளோதான்!

ஸ்கூல்ல பகுபத உறுப்பிலக்கணம்னு உயிர வாங்குனாங்களே, பகுதி விகுதி இடைநிலைன்னு, அதே வேலைதான் இது. மொதல்ல வால பாருங்க. ஐட்டிஸ்னு முடிஞ்சா அழற்சி, எக்டமின்னா வெட்டி எடுக்குறது, ஸ்கோப்பின்னா கேமரா மாதிரி ஏதாச்சும் வச்சு உள்ள பாக்குறது. டான்சிலைட்டிஸ்கும் டான்சிலெக்டமிக்கும் வால் மட்டும்தான் வேற, ஆனா ஒண்ணு தொண்டை வலி, இன்னொண்ணு ஆப்பரேஷன்.

தலையும் முக்கியம். ஹைப்போன்னா கம்மி, ஹைப்பர்னா அதிகம், கிளைசீமியான்னா ரத்தத்துல சக்கரை. வீட்ல சுகர் பேஷன்ட் இருந்தா இத குழப்பிக்கவே கூடாது, ஏன்னா ரெண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிர். 111க்கு, அதாவது இங்க உடம்புக்கு என்ன பண்றதுன்னு கேக்குற நம்பருக்கு, போன் பண்றப்ப பதட்டத்துல நாக்கு குழறும், பேசாம லோ சுகர் ஹை சுகர்னே சொல்லிடுங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.

ஆனா எல்லாத்தையும் பிரிக்கப் போயி மாட்டிக்காதீங்க. இன்ஃப்ளேமபிள்னு டப்பால பாத்தா "இன்" இருக்கே, அப்ப தீப்பிடிக்காதுன்னு நெனச்சு அடுப்பு பக்கத்துல வச்சிடாதீங்க, அது நல்லாவே தீப்பிடிக்கும். அந்த "இன்" இல்லைங்கற அர்த்தத்துல வர்ற "இன்" கிடையாது.

அர்த்தத்துக்கு பிரிக்கிறது வேற, வாயால சொல்ல பிரிக்கிறது வேற. ஹெலிகாப்டர அர்த்தப்படி பிரிச்சா ஹெலிகோ, ப்டர், அதாவது சுருள், இறக்கை. அப்படி பிரிச்சு சொன்னா சிரிப்பாங்க. சொல்றதுக்கு தாடைக்கு கீழ கைய வச்சுக்கிட்டு மெதுவா சொல்லிப் பாருங்க, தாடை எத்தன தடவ எறங்குதோ கிட்டத்தட்ட அத்தன அசை. நாம எல்லா அசையையும் ஒரே மாதிரி அழுத்துவோம், அதனாலதான் வேகமா பேசுனா இவங்களுக்கு புரிய மாட்டேங்குது. ஷன்னு முடியற வார்த்தைல அதுக்கு முன்னாடி அசைல அழுத்தம் குடுங்க, அகாமடேஷன்ல "டே", ரெஜிஸ்ட்ரேஷன்ல "ஸ்ட்ரே". வீடு தேடுறப்ப இந்த ரெண்டு வார்த்தையும் நூறு தடவ சொல்லுவீங்க.

ஊர் பேர மட்டும் பிரிக்க முயற்சியே பண்ணாதீங்க. நான் லெய்செஸ்டர்னு அசை பிரிச்சு டிக்கெட் கேட்டு, கவுன்டர்ல இருந்தவரு மூணு தடவ "சாரி?" சொல்லி, கடைசில பேப்பர்ல எழுதிக் காமிச்சேன். அது லெஸ்டராம். லஃப்பராங்கற ஊர எழுத்துல (Loughborough) பாத்தீங்கன்னா இன்னும் கொடும. ரயில்ல அறிவிப்பு வர்றப்ப ஹெட்போன கழட்டிட்டு கேளுங்க.