தனியொரு கணித ஆசிரியர் தொழிலில் வளர்வது எவ்வாறு? மாணவர் மையக் கற்பித்தலும் சாதாரண தரப் பரீட்சையும்

கேள்வி: கணித ஆசிரியை, துணுக்காய் வலயம்

ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். சிறிய பாடசாலை ஒன்றில் தரம் 6 தொடக்கம் தரம் 11 வரை கணிதம் கற்பிக்கிறேன். இப்பாடத்துக்கு என்னைத் தவிர வேறு ஆசிரியர் எங்கள் பாடசாலையில் இல்லை. 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு ஆசிரியர் வழிகாட்டிகளுக்குள் வந்த ஐந்து ஈ (5E) மாதிரியை, அதாவது ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்ற ஒழுங்கை, கல்வியியற் கல்லூரியில் விரும்பிக் கற்றேன். இங்கே 40 நிமிடப் பாடவேளையில் குழுக்களை அமர்த்தி முடிப்பதற்குள்ளேயே நேரம் போய்விடுகிறது. பெற்றோர் கடந்தகால வினாத்தாள்களைச் செய்விக்கும்படி கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை முடிப்பதிலேயே அதிபர் கவனமாக இருக்கிறார். நான் பிள்ளைகளை மையமாக வைத்துக் கற்பிக்கிறேனா, கரும்பலகையை நிரப்புகிறேனா என்பதை எடுத்துச் சொல்ல அருகில் எவருமில்லை. இந்நிலையில் ஓர் ஆசிரியர் தம் தொழிலில் வளர்வது எப்படி?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், கிளிநொச்சி

அன்புள்ள ஆசிரியைக்கு, வாண்மை விருத்தி, அதாவது தொழிலில் வளர்வது, என்றாலே மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் ஒரு பயிற்சி, வலயத்தில் ஒரு கருத்தரங்கு, கோவைக்குள் ஒரு சான்றிதழ் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவையும் வேண்டியவைதாம். ஆனால் ஒருவருடைய கற்பித்தல் உண்மையில் மாறுவது, தம் வகுப்புப் பிள்ளை எழுதிய பிழையான விடையை உற்றுப் பார்த்து, அதற்கேற்ப மறுநாள் பாடத்தை மாற்றும்போதே என்பது என் உறுதியான கருத்து.

எந்தத் தரத்திலும் காணக்கூடிய ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். 1/3 உடன் 1/4 ஐக் கூட்டச் சொன்னால் பிள்ளை 2/7 என்று எழுதுகிறது. சிவப்புப் பேனையால் பிழை போட்டு, பொதுப் பகுதி எண்ணை மீண்டும் விளக்குவது நாம் வழக்கமாகச் செய்வது. பிள்ளையோ தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டலாம் என்ற ஒரு விதியைத் தானே அமைத்து, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. அந்த விதியை அதன் வாயாலேயே சொல்ல விடுங்கள். பிறகு அதே விதிப்படி அரையையும் அரையையும் கூட்டச் சொல்லுங்கள். 2/4, அதாவது மீண்டும் அரையே வரும். அரை ரொட்டியோடு இன்னோர் அரை ரொட்டி சேர்ந்தும் அரை ரொட்டிதானா என்று பிள்ளை தானே கேட்கும். அதன் பின் 2/7 ஆனது 1/3 ஐ விடவும் சிறியது என்பதைக் காட்டினால், பொதுப் பகுதி எண் எதற்குத் தேவை என்பது அதற்குப் புரியும். இதற்குக் குழுவும் வேண்டாம், குழுக்கள் எழுதிக் காட்டும் பெரிய டிமை அட்டையும் வேண்டாம். மேசைகளை வட்டமாகப் போட்டுவிட்டு, எல்லா விடைகளையும் ஆசிரியரே சொல்லி முடிக்கும் வகுப்புகளையும் நான் மேற்பார்வையில் பார்த்திருக்கிறேன்; அவற்றை மாணவர் மையம் என்று கொள்ள என்னால் முடியாது.

இன்னொன்று, வினாவைக் கேட்ட பிறகு நாம் காத்திருக்கும் நேரம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் வினாவுக்குப் பின் ஒரு செக்கன் அளவே காத்திருப்பதையும், அதை 3 செக்கனுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டதையும், வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கியதையும் கண்டார். கைத்தொலைபேசியில் உங்கள் பாடவேளை ஒன்றை ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்களை மேற்பார்வை செய்ய அதைவிட நேர்மையான ஆள் கிடையாது.

பதில் 2: கணித ஆசிரியர், மடு வலயம்

வணக்கம் ரீச்சர். ஆலோசகர் சேர் சொன்னதை மதிக்கிறேன். ஆயினும் சாதாரண தரப் பரீட்சையைப் பற்றி அவர் பேசாமல் விட்டதை நாங்கள் விட முடியாது. இங்குள்ள பெற்றோரில் பலர் இடப்பெயர்வுகளால் படிப்பை இடையில் விட்டவர்கள். கணிதத்தில் சித்தி பெறாத பிள்ளைக்கு உயர்தரத்துக்கான வழி எவ்வளவு நெருக்கடியாகும் என்பதை அவர்கள் அறிவார்கள். வினாத்தாள் செய்விக்கும்படி அவர்கள் கேட்பதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

வினாத்தாளையே மாணவர் மையமாக்கலாம். முதலாம் பத்திரத்தின் அ பகுதியில் தலா 2 புள்ளி பெறும் 25 குறுவினாக்கள் உள்ளன. அவற்றை நான் செய்து காட்டுவதில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, உறுதியாகத் தெரியும், ஓரளவு தெரியும், தெரியாது என்ற மூன்றில் ஒன்றைப் பிள்ளைகள் முதலில் குறித்துவிட்டு விடை எழுத வேண்டும். தெரியாது என்று குறித்ததைவிட, உறுதியாகத் தெரியும் என்று குறித்துப் பிழைத்தவையே எனக்கு முக்கியம், ஏனெனில் தவறான விதி ஒளிந்திருப்பது அங்கேதான். அடுத்த கிழமை எதைக் கற்பிப்பது என்பதை அவற்றைக் கொண்டே தீர்மானிக்கிறேன். பாடத்திட்டம் சற்றுப் பின்தங்கும் என்பது உண்மை. இந்தக் குறிப்புகளைக் காட்டி விளக்கியபோது எங்கள் அதிபர் அதை ஏற்றுக்கொண்டார்.

பதில் 3: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, ஒட்டுசுட்டான்

நான் கணித ஆசிரியை அல்ல. ஆனாலும் அருகில் எவருமில்லை என்று நீங்கள் எழுதிய வரிக்காகப் பதில் எழுதுகிறேன். கணிதம் சரியா பிழையா என்று பார்ப்பதற்குத்தான் இன்னொரு கணித ஆசிரியர் தேவை. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கு உங்கள் பாடசாலையின் தமிழ் ஆசிரியரோ சித்திர ஆசிரியரோ போதும். யார் கை உயர்த்தினார்கள், யாருடைய பெயர் ஒரு தடவையேனும் அழைக்கப்படவில்லை, யார் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதினார்கள் என்று மட்டும் குறித்துத் தரும்படி, அவருடைய ஓய்வுப் பாடவேளையில் வந்து பின்வரிசையில் அமரக் கேளுங்கள். பதிலுக்கு நீங்களும் அவருடைய வகுப்பில் அமருங்கள். நானும் சக ஆசிரியை ஒருவரும் இப்படிச் செய்து வருகிறோம். கதவோரம் இருக்கும் பிள்ளைகளிடம் நான் வினாவே கேட்பதில்லை என்பதை அவர்தான் சொன்னார்.

காலபோக அறுவடைக் காலத்தில் வரவு இடாப்பைப் பாருங்கள். வயலுக்குப் போன பிள்ளை திரும்பி வரும்போது, தவறிய பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனத்தைச் சோம்பல் என்று நாம் பதிந்துவிடக் கூடாது. வயலையே பாடமாக எடுக்கவும் முடியும். 40 மீற்றருக்கு 40 மீற்றர் காணியையும், 70 மீற்றருக்கு 10 மீற்றர் காணியையும் அடைக்க ஒரே 160 மீற்றர் வேலிதான் வேண்டும். விளையும் நிலமோ முதலாவதில் 1600 சதுர மீற்றர், இரண்டாவதில் 700 சதுர மீற்றர். வேலிக்குக் கட்டை நட்ட பிள்ளை இதை மற்றவர்களுக்கு விளக்கும்போது, கிழமைக்கணக்கில் பாடசாலைக்கு வராத அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் ஓர் இடம் கிடைக்கிறது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தரம் 10 இல் மடு வலய ஆசிரியரின் முறையைத் தொடங்கவுள்ளேன். எங்கள் தமிழ் ஆசிரியரிடமும் பேசிவிட்டேன், வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு, சேர். பிழையான விடையை வகுப்பின் முன் எடுத்துப் பேசும்போது அந்தப் பிள்ளை கூச்சப்படாதா?

பதில் 1 எழுதியவர்:

கூச்சப்படும். ஆகவே பெயர் சொல்லாமல், அதே பிழையை எண்களை மாற்றிக் கரும்பலகையில் நீங்களே எழுதுங்கள். அதன் பக்கத்தில் சரியான விடையொன்றையும் எழுதி, இரண்டையும் எழுதியவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள் என்று வகுப்பிடம் கேளுங்கள். எது சரி என்று முதலில் கேட்க வேண்டாம். தரம் 6 இலேயே இதைப் பழக்கிவிட்டால் தரம் 10 இல் எளிதாக இருக்கும். ஆறு தரங்களும் உங்கள் ஒருவரிடமே இருப்பதில் உள்ள நன்மை அது.