குவர்செட்டின் சேர்த்தால் ஒளிர்வு குறைகிறது: நொதியின் வடிவம் மாறிவிட்டதா?

கேள்வி (காரைக்குடி): சின்ன வெங்காயத் தோலிலிருந்து பிரித்த குவர்செட்டின் என்ற மஞ்சள் நிறமியை, சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதியுடன் சேர்த்தால் 340 நானோமீட்டரில் நொதியின் ஒளிர்வு சரிகிறது, செயல்பாடும் குறைகிறது. வடிவ மாற்றம் என்று எழுதலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. குவர்செட்டின் 370 நானோமீட்டர் அருகே தானே ஒளியை உறிஞ்சும். நொதியில் ஒளிரும் அமினோ அமிலமான டிரிப்டோஃபானின் உமிழ்வு அதில் மறைஞ்சிடும். இதைத் திருத்த, கிளர்வு (ஒளிரத் தூண்டும் ஒளி), உமிழ்வு (வெளிவரும் ஒளி) அலைநீளங்களின் உறிஞ்சல்களைக் கூட்டிப் பாதியாக்கி, அதை 10-இன் அடுக்காகப் போட்டு, வரும் எண்ணால் ஒளிர்வைப் பெருக்குங்க. மடிப்பு (புரத வடிவ) மாற்றத்தைக் காட்ட, வட்ட முனைவாக்க ஒளியை வச்சுப் பார்க்கும் வட்ட இருநிறமை அளவீடு வேணும்.

பதில் 2: செயல்பாட்டுக் குறைவையும் சோதிக்கணும். குவர்செட்டின் மாதிரி ஃபிளேவனாய்டு (தாவர நிறமி வகை) திரண்டு நொதியைப் பிடிச்சுக்கும். திரளைக் கலைக்கும் சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100-ஐ 0.01 சதவீதம் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால், பெரும்பாலும் திரளின் வேலைதான். நொதி வினையில் வெளிவரும் மஞ்சள் நைட்ரோஃபீனாலை 405 நானோமீட்டரில் அளந்தால், ஒப்பிட்டுக் கழிக்க நொதியில்லாத குழாயும் கட்டாயம். குவர்செட்டினின் மஞ்சளும் அந்த அளவில் சேர்ந்துடும்.

பதில் 3: குவர்செட்டின் கரைசலை அன்றன்றே கலக்குங்க. காரத்தில் அது ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். அதுவே நொதியைக் கெடுக்கலாம்.