கோசோவிலிருந்து அதிகாலை விமானம்: காற்று அடித்தால் என்ன வழி?

மால்டாவுக்கு நாங்கள் இருவரும் போகிறோம், நவம்பர் நடுவில். கடைசி இரண்டு இரவும் மால்டா நாட்டின் இரண்டாவது தீவான கோசோவில், ஷ்லெண்டி கடற்கரையோரம் அறை. திரும்பும் விமானம் மால்டா பெருந்தீவில் உள்ள லூக்கா விமான நிலையத்திலிருந்து காலை 7.10. அன்று பலத்த வடமேற்குக் காற்று என்று முன்னறிவிப்பு காட்டுகிறது.

கோசோவிலிருந்து தலைநகர் வலெட்டா போகும் வேகப் படகைக் கணக்கில் எடுக்கவில்லை. அலை உயர்ந்தால் முதலில் நிற்பது அதுதான். மிச்சம் இம்ஜார் (கோசோ துறைமுகம்) - சிர்கெவ்வா (மால்டா பக்கத் துறைமுகம்) கார் ஃபெர்ரி. 25 நிமிடம், இரவிலும் ஓடும், ஆனால் இடைவெளி அதிகம். சிர்கெவ்வாவிலிருந்து எக்ஸ்1 பேருந்து விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட இழுக்கும், அதனால் டாக்சிதான்.

விமானத்தை மாற்றப் பார்த்தேன், வித்தியாசத் தொகை டிக்கெட் விலையைத் தாண்டுகிறது. கடைசி இரவை ரத்து செய்தால் அறைக்காரர் பணம் தர மாட்டாராம். இம்ஜார் வரை அதிகாலை 3 மணிக்கு டாக்சி மட்டும் பேசி வைத்தாயிற்று.

நவம்பர் வடமேற்குக் காற்றில் அதிகாலை கார் ஃபெர்ரியை நம்பி ஷ்லெண்டியிலேயே தங்கலாமா, அறைப் பணம் போனாலும் முந்தைய மாலையே மால்டா பக்கம் வந்துவிடுவதா?