கம்பம்மெட்டு ஏற்றத்தில் கார் சூடேறுகிறது, ஆனால் எல்லா நாளும் இல்லை: உதவி தேவை

ஏலத்தோட்டம்:
வணக்கம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுக்கு வாரத்தில் நான்கு நாள் காரில் போய்வருகிறேன். ஒரு மாதமாக மலையேறும்போது ஹீட் முள் சிவப்புக்கோட்டைத் தொடுகிறது. சில நாள் தொடுகிறது, சில நாள் பாதியைத் தாண்டுவதே இல்லை. மெக்கானிக் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் தேக்கடி போக வேண்டும். அவசரம், தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

உத்தமபாளையத்தான்:
பெட்ரோல் வண்டியா, டீசலா? எந்த வருடத்து வண்டி? தண்ணீர் குறைகிறதா? முள் ஏறும் நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டு யோசனையாகத்தான் இருக்கும்.

பழைய டீசல்:
வண்டியின் பெயரைக்கூட எழுதாமல் வைத்தியம் கேட்பவர்களுக்கு இங்கே நான் பலமுறை பதில் எழுதிக் களைத்துவிட்டேன். இது ஹெட் கேஸ்கெட் (என்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போனதற்கான தெளிவான அடையாளம். சுமை ஏறும்போது மட்டும் என்ஜினில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து சூட்டைக் கூட்டும். காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழ்கள் நிற்காமல் வருகின்றனவா என்று பார்க்கவும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் படிந்திருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டியதில்லை.

குமுளி டாக்ஸி:
கேஸ்கெட்டுக்குப் போவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள் தம்பி. மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால் உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், கீழே கம்பத்தில் சாதுவாக இருக்கும் வண்டி மேலே போனதும் பொங்கும். புது மூடிக்குப் பெரிய செலவில்லை. சூடாக இருக்கும்போது மட்டும் திறந்துவிடாதீர்கள். முழங்கை வரை வெந்துபோன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஜீப்வாலா:
சூடான பிறகுதான் ரேடியேட்டருக்கு வழிவிடும் அந்த தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரை நேராக விடுங்கள் அண்ணே. எங்கள் தொழிலாளர் ஜீப்புகள் பல வருடங்களாக அப்படித்தான் ஏறி இறங்குகின்றன.

ஏலத்தோட்டம்:
பெட்ரோல் வண்டி, 2005 மாடல். தண்ணீர் குறையவில்லை. குமிழ் வரவில்லை, எண்ணெய் சுத்தமாக இருக்கிறது. மூடியை நேற்றே புதிதாக மாற்றினேன், இன்று காலையில் மறுபடியும் சூடேறிவிட்டது. ஃபேன் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உத்தமபாளையத்தான்:
எப்போது பார்த்தீர்கள்? முள் ஏறியபோதா, வேறு நேரத்திலா?

செங்கோட்டை லேத்:
ஜீப்வாலா சொன்னதை யாரும் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்பக்கத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்து கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் என்ஜினையே சுற்றிக்கொண்டிருக்கும், சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். அப்படி ஆகாத என்ஜின்கள் சமவெளியில் எப்போதும் ஆறியே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து, பிஸ்டனையும் தேய்த்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் வால்வைக் கழற்றி நூலில் கட்டி, அடுப்பில் இருக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் தொங்கவிட்டு, அதன் மேல் அச்சடித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரிக்குப் பக்கத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள்.

ஜீப்வாலா:
சட்டியில் வேகவைத்துப் பார்க்கும் நேரத்தில் நான் இரண்டு நடை போய்வந்துவிடுவேன். பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறும் வண்டி ஓட்டுபவனுக்குத் தெரியாதது லேத்துக்குத் தெரியுமா?

செங்கோட்டை லேத்:
அந்த வண்டிகளின் ஹெட்டுகள் வளைந்து எங்களைப் போன்றவர்களின் பட்டறைக்குத்தான் சமன் செய்ய வருகின்றன என்பது மட்டும் எனக்குத் தெரியும். பதினைந்து பேரை ஏற்றுவதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

பழைய டீசல்:
நூலில் கட்டித் தொங்கவிடுவதும் மூடி மாற்றுவதும் பொழுதுபோக்கு. கேஸ்கெட் ஆரம்ப நிலையில் குமிழ் காட்டாது. ஹெட்டை இறக்குங்கள்.

உத்தமபாளையத்தான்:
ஹெட்டை இறக்குவது சுலபமாகத் திரும்பி வரக்கூடிய வழி அல்ல. ஏலத்தோட்டம் ஐயா, நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சூடேறிய நாள்களையும் சூடேறாத நாள்களையும் தனித்தனியாக எழுதுங்கள்: எத்தனை மணி, முன்னால் வண்டிகள் இருந்தனவா, ஏசி போட்டிருந்தீர்களா?

ஏலத்தோட்டம்:
யோசித்துப் பார்த்தேன், விசித்திரமாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு, குளிர்காற்று அடிக்கும்போதுதான் சூடேறுகிறது; அந்த நேரத்தில் தொழிலாளர் ஜீப்புகளின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துதான் போக முடியும். புற்றடியில் ஏலக்காய் ஏலம் விடும் நாளில் தாமதமாகக் கிளம்பி உச்சி வெயிலில் ஏறுவேன், அப்போது ஒன்றும் ஆவதில்லை. மதியம் ஏசி போடுவேன், காலையில் ஜன்னலைத் திறந்துகொள்வேன். ஃபேன் ஓடியதைப் பார்த்ததும் ஒரு மதியத்தில்தான், மெக்கானிக் ஓட்டிப் பார்த்ததும் மதியத்தில்தான்.

பழைய டீசல்:
ஏசி போட்டால் என்ஜினுக்குச் சுமை கூடும், சூடும் கூடும். ஏசி போட்டால் சூடு குறைகிறது என்பவர் முள்ளைச் சரியாகப் பார்க்கவில்லை.

உத்தமபாளையத்தான்:
அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், விடையே அதில்தான் இருக்கிறது. உங்கள் வண்டியைப் போன்ற பழைய மாடல்கள் பலவற்றில் ஃபேனுக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் வரும். ஏசி போட்டால் ஏசியின் ரிலே ஃபேனை ஓட்டும். ஏசி இல்லாதபோது ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ சுவிட்ச் சூட்டை உணர்ந்து ஓட்ட வேண்டும். உங்கள் வண்டியில் முதல் வழி நன்றாக இருக்கிறது, இரண்டாவது வழி செத்திருக்கிறது. வேகமாகப் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஜீப்புக்குப் பின்னால் ஊரும்போது அந்தக் காற்று இல்லை, ஃபேனும் இல்லை. அதனால்தான் குளிரில் சூடேறுகிறது.

பார்ப்பதும் எளிது. என்ஜினை நிறுத்தி, சாவியை ஆனில் வைத்து, அந்த சுவிட்சுக்கு வரும் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஃபேன் உடனே சுழன்றால் சுவிட்ச்தான் குற்றவாளி. சுழலாவிட்டால் ரிலேயையும் ஒயரையும் தேட வேண்டும். ஒற்றை ஒயர் மட்டும் இருக்கும் மாடலானால் அதை பாடியில் தொடுங்கள். கை, துண்டு, சட்டைக்கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. அண்மையில் முன்பக்கத்தில், அந்த பிளக் இழுபடும்படி ஏதாவது வேலை பார்த்தீர்களா?

ஏலத்தோட்டம்:
லோயர் கேம்ப் அருகே மாடு குறுக்கே வந்து பம்பரும் கிரில்லும் உடைந்து டிங்கரிங் செய்தோம். ஒரு மாதத்துக்குச் சற்று மேலாகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று எழுதவில்லை.

குமுளி டாக்ஸி:
அடடா, இதை முதல் வரியில் எழுதியிருந்தால் நான் மூடியைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேனே தம்பி! ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் தேக்கடிக்கு ஏசியைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். அதையும் மீறி முள் ஏறினால் ஏசியை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ஃபேனும் நின்றுவிடும். ஹீட்டரையும் முழுச்சூட்டில் வைத்து, ஓரமாக ஒதுங்கி, என்ஜினை ஆற விடுங்கள்.

செங்கோட்டை லேத்:
ஹீட்டரை வைப்பது நல்ல யோசனை. அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான்.

ஏலத்தோட்டம்:
பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பிளக்கைக் கழற்றியபோது ஒரு முனை பச்சைக் களிம்பு பூத்து, பாதி வெளியே வந்து நின்றது. இரண்டு முனைகளையும் இணைத்ததும் ஃபேன் சுழன்றது. வண்டன்மேட்டில் ஒரு சேட்டன் புது சுவிட்ச் போட்டு, பிளக்கையும் மாற்றிக் கொடுத்தார். ஆறு நாளாகக் காலையில் ஜீப்புகளுக்குப் பின்னால்தான் ஏறுகிறேன், முள் பாதியில் நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி.

பழைய டீசல்:
மின்சாரக் கோளாறாக இருக்கலாம் என்பது தொடக்கத்திலிருந்தே என் மனத்தில் இருந்தது. இருந்தாலும் கேஸ்கெட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஜீப்வாலா:
சரி அண்ணே, அந்த வால்வைக் கழற்றினீர்களா, இல்லையா?