2012 ஆம்னி வேன்: கியர்பாக்ஸின் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லிடைக்காரன்:

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். பாளையங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இதுவரை வாடகை வண்டியில்தான் சரக்கு போகிறது. அப்பளத்துக்கு எடை கிடையாது, இடம்தான் வேண்டும். அதனால் பழைய ஆம்னி ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

பேட்டையில் ஒரு தரகர் 2012 மாடல் காட்டினார். டி.என். 69, தூத்துக்குடிப் பதிவு. மீட்டரில் 61,000 கிலோமீட்டர். கேட்கும் விலை 1,30,000. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பார்த்தேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது ஒருமுறை 'கறக்' என்றது. "உங்கள் கைக்கு இன்னும் வண்டி பழகவில்லை" என்றார் தரகர். நியூட்ரலில் நிற்கும்போது உள்ளே யாரோ அரிசி புடைப்பது போல ஓர் ஓசை. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. இன்ஜின் எனக்குக் கொஞ்சம் புரியும். கியர்பாக்ஸ் மூடிய பெட்டி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர்க்காற்று:

ஆம்னி தயாரிப்பு 2019இல் நின்றுவிட்டது. நல்ல வண்டி வருடத்துக்கு வருடம் குறைகிறது. இன்ஜின் நன்றாக இருந்தால் வாங்கிப் போடுங்கள். கியர்பாக்ஸ் கெட்டால் பழைய சாமான் கடையில் முழுப் பெட்டியே கிடைக்கும், ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

பழையஸ்பானர்:

வள்ளியூர்த் தம்பி சொல்வது போல மாற்றலாம்தான். ஆனால் பழைய சாமான் கடையிலிருந்து வரும் பெட்டிக்கும் ஒரு பூர்வீகம் உண்டே, அதை யாரிடம் போய்க் கேட்பது? பஸ் டிப்போவில் 27 வருடம் கியர்பாக்ஸ் பிரித்தவன் நான். பிரித்த பிறகு வருத்தப்பட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கல்லிடைத் தம்பி, முதலில் அந்த அரிசி புடைக்கும் ஓசை. கிளட்சை விலக்கித் தள்ளும் ரிலீஸ் பேரிங் என்றால் மிதிக்கும்போதுதான் கத்தும். உங்களுக்கு மிதித்தால் அடங்குகிறது. ஆகவே சத்தம் பெட்டிக்கு உள்ளே: இன்ஜினிலிருந்து நுழையும் ஷாஃப்டின் பேரிங், அல்லது கீழ் ஷாஃப்டின் பேரிங். பின்சக்கரம் இழுக்கும் பழைய வேன்களில் பெரும்பாலும் நாலாவதுதான் நேர் கியர், அதாவது இன்ஜின் சுழற்சி அப்படியே பின்னால் போகும், அதில் கீழ் ஷாஃப்டுக்குச் சுமை இல்லை. மூன்றில் இரைந்து நாலில் அடங்கினால் கீழ் ஷாஃப்டைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது கியருக்கு எங்கள் பழைய டிரைவர்கள் செய்ததைச் செய்யுங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலரேட்டரைச் சற்றே தொட்டு, மறுபடி மிதித்து இரண்டில் போடுங்கள். வெண்ணெயாக விழுந்தால் உள்ளே கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது. ஊருக்குள் ஓடிய வண்டியில் இரண்டாவதுதான் முதலில் தேயும். நின்ற இடத்தில் ரிவர்ஸ் போட்டாலும் கறக் என்கிறதா? அப்படியானால் கிளட்ச் முழுதாக விலகவில்லை, பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். கியர் போடும் கம்பி கொழகொழவென்று ஆடுவதும் பெரும்பாலும் வெளியே இணைப்புக் கம்பியின் புஷ் தேய்ந்ததுதான், சின்னச் செலவு. மேம்பாலத்தில் இறங்கும்போது மூன்றில் வைத்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். கம்பி தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஆனால் தரகரிடம் சொல்லிவிட்டுப் போய் இதையெல்லாம் செய்தால் பயனில்லை. நீங்கள் வருவதற்குள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். விடியற்காலையில் சொல்லாமல் போய், முன் சீட்டைத் தூக்கி இன்ஜின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். இரைகிற பெட்டியில் 90 ஆயிலுக்குப் பதில் இன்னும் கெட்டியான 140 ஊற்றி வாயை அடைப்பது பழைய வேலை, ஊசிய சாம்பாரில் பெருங்காயம் கூட்டுவது மாதிரி. சூட்டில் தெரியாது. குளிரில் களிக்குள் அகப்பை போலக் கம்பி நகரும்.

டி.என். 69 என்றதும் எனக்கு 2023 டிசம்பர் 17, 18 நினைவுக்கு வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் எத்தனை வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன! கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட மேலே ஒரு சிறு துளை உண்டு. ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். புது ஆயில் ஊற்றினால் தண்ணீர் போய்விடும். பேரிங்கில் துரு தின்ற குழி போகாது. அந்தக் குழிதான் அரிசி புடைக்கிறதோ என்பது என் பயம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கும். வடிகால் அடைப்பானை லேசாகத் தளர்த்தினால் முதல் சொட்டே சொல்லிவிடும். ஆனால் அதற்கு முன் ஆயில் ஊற்றும் அடைப்பான் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஆயிலை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். புது ஆயில் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அதுவே பதில். வடித்ததை வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் வயதுக்குரிய தேய்மானம். பொன்துகள் பித்தளை வளையத்திலிருந்து வந்தது. நகத்தில் இடறும் இரும்புச் சில் இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

மீட்டரை நம்ப வேண்டாம். இந்த மாதிரிப் பழைய வேன்களில் பெரும்பாலும் அதன் கேபிள் கியர்பாக்ஸிலிருந்துதான் சுழல்கிறது. கழற்றிவிட்டால் மீட்டர் தூங்கும், வண்டி ஓடும். கிளட்ச் பெடலின் ரப்பர் வழுக்கையாகிவிட்டதா, கியர்க் குமிழில் எண்கள் அழிந்துவிட்டனவா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் வாலைக் கழுவுவதில்லை, வெள்ளத்தில் நின்றிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

ஆற்றோரத்தான்:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 90 ஆயில் என்று கேட்டால் கடைக்காரர் டின்னில் ஜி.எல்.-5 என்று தரக் குறி போட்டதைக் கொடுக்கிறார். எண் பெரிது, நல்லதுதானே?

பழையஸ்பானர்:

பின் ஆக்சிலுக்கு நல்லது. பித்தளை வளையமுள்ள கியர்பாக்ஸுக்குக் கையேடு கேட்பது ஜி.எல்.-4 என்றால் அதையே ஊற்றுங்கள். ஜி.எல்.-5இல் கந்தகச் சேர்மானம் அதிகம், பித்தளையை அரிக்கக்கூடியது. ஒரே டின்னில் இரண்டு வேலையையும் முடிக்கப் பார்ப்பதால்தான் பாதி வண்டிகள் கறக் என்கின்றன.

கல்லிடைக்காரன்:

அண்ணாச்சி சொன்னபடி இன்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன், தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு. தரகர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். சீட்டைத் தூக்கிக் கை வைத்தேன், குடத்துத் தண்ணீர் போல இருந்தது. கம்பி களிக்குள் அகப்பைதான். நூறு அடி போவதற்குள் இரண்டாவது கியர் மூன்று முறை கத்தியது. காலை எடுத்து மறுபடி மிதித்துப் போட்டால் சத்தமே இல்லை.

முதல் சொட்டு தண்ணீர் இல்லை. தேன் நிறத்தில் கெட்டியான புது ஆயில், ஊற்றி ஒரு மாதம்கூட இருக்காது என்றார் மெக்கானிக். அப்பளம் உலர்த்தும் வேட்டியில் ஒரு கிழிசலைக் கொண்டுபோயிருந்தேன். வடிகட்டியதும் அதில் ஜிகினா தூவியது போலப் பொன்துகள். நடுவில் செம்பழுப்பாக, கடுகளவில் இரண்டு துருச் செதில்கள். இரும்புச் சில் இல்லை.

பிறகு சீட் பெல்ட். முக்கால் பாகம் வரை கறுப்பு. கடைசி ஒரு சாணில் காய்ந்த சேறு, அதற்கு மேலே நேர்க்கோடாக ஒரு கறை. நான் ஒன்றும் பேசவில்லை, பெல்ட்டைப் பிடித்தபடியே நின்றேன். "ஏரலில் இரண்டு நாள் நின்றது, இன்ஜினை முழுதாகப் பார்த்துவிட்டோம்" என்றார் தரகர். கியர்பாக்ஸைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, ஆயில் மாற்றினோம் என்கிறார். 95,000 கேட்கலாமா அண்ணாச்சி?

பழையஸ்பானர்:

பேரிங் அத்தனையும், பித்தளை வளையங்களும், சீல்களும் புதிதாகப் போட வேண்டும். பிரிக்கும்போது இன்னும் என்ன வருமோ. பெல்ட் வரை தண்ணீர் ஏறியிருந்தால் பின் ஆக்சிலும் குடித்திருக்கும், வயரிங்கும் நனைந்திருக்கும். 2012 வண்டிக்கு 15 வருடப் பதிவு 2027இல் முடிகிறது, அந்தச் செலவும் உங்கள் தலையில். 80,000க்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அதுவும் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி என்றால்தான், சரக்கு ஏற்றிப் போய்ப் பாதி வழியில் நிற்க அல்ல.

கல்லிடைக்காரன்:

80,000 சொல்லிவிட்டேன் அண்ணாச்சி. ஓனரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மாலை ஐந்து வரை அழைப்பு இல்லை. நாளைக்குத் தென்காசிச் சரக்குக்கு வழக்கமான வாடகை வண்டியையே வரச் சொல்லிவிட்டேன்.